பரதனும் சௌ கோமகனும்: திருப்பிக் கொடுப்பதற்காகவே ஆண்டவர்கள்

(நம் சங்கத்தின் வாசிப்பு வட்டம் ஞாயிறு மாலை கிளப் ஹவுஸில் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



வாசிப்பு வட்டத்தில் இந்த முறை கம்பராமாயணத்தின் அயோத்தியா காண்டம் என்று முடிவானதும், பரதனைப் பற்றி நான் பேச வேண்டும் என்றார்கள். பரதனைப் பற்றி உங்களுக்குப் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? நம் ஓசூர் மூன்று மாநில மக்கள் கலந்து வாழும் ஊர். இந்த அரங்கிலேயே நான்கு மொழிக்காரர்கள் இருக்கிறீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பரதன் இருக்கிறான். தமிழ் வீட்டில் கம்பனின் பரதன், தெலுங்கு வீட்டில் ரங்கநாத ராமாயணத்துப் பரதன், கன்னட வீட்டில் குவெம்புவின் ஸ்ரீராமாயண தர்சனத்துப் பரதன், இந்தி பேசும் வீட்டில் துளசிதாசரின் பரதன். எல்லாருக்கும் தெரிந்த ஒருவனைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்ததையே சொல்லிவிட்டு உட்கார மனம் வரவில்லை.

அதனால் பரதனுக்குப் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்திப் பார்க்கப் போகிறேன். அவர் நம் நாட்டுக்காரர் இல்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவை ஆண்டவர். பரதன் காப்பியத்தில் வாழ்பவன். அவர் வரலாற்றில் வாழ்ந்தவர். அவரைச் சுற்றியும் பிற்காலத்தில் கதைகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஆனால் இருவரும் செய்த காரியம் ஒன்றுதான். தமக்குச் சொந்தமில்லாத ஆட்சியை உரியவர் வரும்வரை காப்பாற்றி, நாள் வந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் நம் சங்கத்தின் பொதுக்குழு. செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கு இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். பேச்சு அங்கேயும் வந்து சேரும். இப்போதே சொல்லிவைத்துவிடுகிறேன்.

யார் இந்தச் சௌ கோமகன்?

கி.மு. 1046 வாக்கில் சீனாவில் ஷாங் என்ற அரச மரபை வீழ்த்திச் சௌ மரபு ஆட்சிக்கு வந்தது. போரில் வென்ற மன்னரின் பெயர் வூ. வென்று சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை, இறந்துவிட்டார். பட்டத்துக்கு உரிய மகன் செங் சிறுவன். நாடோ புதிதாகப் பிடித்த நாடு. தோற்றவர்கள் ஒழிந்துவிடவில்லை, நேரம் பார்த்துக் காத்திருக்கிறார்கள். அந்த வேளையில் மன்னரின் தம்பி டான் என்பவர் ஆட்சியைத் தம் கையில் எடுத்தார். இவரைத்தான் சீனர்கள் சௌ கோமகன் என்கிறார்கள்.

ஏழு ஆண்டுகள் ஆண்டார் என்பது மரபு. அதில் முதல் மூன்று ஆண்டுகள் கிளர்ச்சியை அடக்கவே போயிற்று. பிறகு இன்றைய லுவோயாங் நகரப் பகுதியில் கிழக்குத் தலைநகரை எழுப்பினார். சடங்குகள், அரசுப் பணிகள், யாருக்கு எந்த நிலம் என்ற ஏற்பாடுகள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். ஏழாம் ஆண்டில், வளர்ந்துவிட்ட அண்ணன் மகனிடம் ஆட்சியை ஒப்படைத்தார்.

ஒப்படைத்த விதத்தைக் கேளுங்கள். பழைய சீன அரசவையில் மன்னர் தெற்கு நோக்கி அமர்வார்; அமைச்சர்கள் அவருக்கு எதிரே வடக்கு நோக்கி நிற்பார்கள். ஏழு ஆண்டுகள் தெற்கு நோக்கி இருந்த மனிதர், ஒப்படைத்த அன்று இறங்கி வந்து வடக்கு நோக்கி நின்றார் என்று வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதுகிறார். அரங்கைவிட்டு அவர் போய்விடவில்லை. நிற்கும் திசையை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

இவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர் கன்ஃபூசியஸ். கோமகனின் மகனுக்குக் கொடுக்கப்பட்ட லூ நாட்டில் பிறந்தவர். இளமையில் அடிக்கடி கனவில் வந்த சௌ கோமகன் முதுமையில் வருவதில்லையே என்று அவர் வருந்தியதாகச் சொல்வார்கள். ஒரு ஞானி கனவில் காண ஆசைப்பட்டது போரில் வென்ற வூ மன்னரை இல்லை, திருப்பிக் கொடுத்த தம்பியை.

இருவர் கையிலும் சாக்கு இருந்தது

பரதனை நாம் பெரும்பாலும் அன்புள்ள தம்பி என்று மட்டுமே பார்க்கிறோம். அதனால் அவன் செய்ததன் கனம் நமக்கு முழுதாகத் தெரிவதில்லை. சட்டப்படி நாடு அவனுடையது. தசரதன் கொடுத்த வரம் செல்லும். அந்த வரம் செல்லும் என்பதால்தான் இராமனே காட்டுக்குப் போனான். பரதன் முடிசூட்டிக்கொண்டிருந்தால் யாராலும் விதியைக் காட்டித் தடுத்திருக்க முடியாது. குருவும் அமைச்சர்களும் அரசு வெறுமையாகக் கிடக்கக் கூடாது, ஏற்றுக்கொள் என்றுதான் சொன்னார்கள்.

கம்பன் பரதனை இந்த இடத்தில் நல்ல வழக்கறிஞன்போலப் பேச வைக்கிறான். சித்திரகூடத்தில் இராமன், வரத்தின்படி நாடு உன்னுடையது என்கிறான். சரி, என்னுடையது என்றால் நான் இப்போது உனக்குக் கொடுக்கிறேன், வந்து முடிசூட்டிக்கொள் என்று பரதன் பதில் சொல்கிறான். தனக்குச் சாதகமான சட்டத்தைத் தனக்கு எதிராகத் திருப்பிய ஆள் அவன்.

சௌ கோமகனுக்கும் இப்படி ஒரு சாக்கு கையிலேயே இருந்தது. அதற்கு முன்பிருந்த ஷாங் மரபில் அண்ணனுக்குப் பின் தம்பி பட்டத்துக்கு வருவது வழக்கத்தில் இருந்தது. அண்ணன் மகன் சிறுவன், நாடு ஆபத்தில் இருக்கிறது, பழைய வழக்கம் தம்பிக்கு இடம் தருகிறது. நானே மன்னன் என்று அவர் சொல்லியிருந்தால் பாதி நாடு தலையாட்டியிருக்கும். அந்த ஏழு ஆண்டுகளில் அவர் மன்னர் என்ற பட்டத்தையே வைத்திருந்தாரா, பதிலாளாக மட்டும் இருந்தாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். பட்டம் எதுவாக இருந்தாலும் முடிவில் ஒப்படைத்தார் என்பதுதான் அவரைப் பற்றி நிலைத்த பெயர்.

அடுத்தவர் பொருளை எடுத்துக்கொள்பவன் தன்னைத் திருடன் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்வதில்லை. விதி இடம் தருகிறது, நிலைமை அப்படி, எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள் என்றுதான் சொல்வான். இந்த மூன்று சாக்கும் பரதனிடம் இருந்தன, கோமகனிடமும் இருந்தன. இருந்தும் அவர்கள் எடுக்கவில்லை.

நல்லவர் மேல் வந்த சந்தேகம்

இருவர் கதையிலும் எனக்கு மனத்தைத் தைத்த பகுதி இதுதான். இரண்டு பேரையுமே அவர்களுடைய சொந்த மனிதர்கள் நம்பவில்லை.

கேகய நாட்டிலிருந்து திரும்பிய பரதனைக் கோசலை சந்தேகப்படுகிறாள். தனக்கு இதில் பங்கில்லை என்று அவன் வாய்விட்டுச் சபதம் செய்ய வேண்டியிருக்கிறது. கங்கைக் கரையில் குகன் படையைப் பார்த்ததும், இராமனைக் கொல்ல வருகிறான் என்று வில்லை எடுக்கிறான். பக்கத்தில் வந்து மரவுரியையும் வாடிய முகத்தையும் பார்த்த பிறகுதான் குகனின் கை தளர்கிறது. ஆயிரம் பேரை நிறுத்தினாலும் இவனுக்கு ஈடில்லை என்ற அளவுக்குப் பேச்சு மாறுகிறது. சித்திரகூடத்தில் இலக்குவனுக்கும் அதே சந்தேகம், அதே கோபம். கடைசியில், வால்மீகி சொல்கிற ஒன்று இன்னும் கூர்மையானது. பதினான்கு ஆண்டு முடிந்து இராமன் திரும்பி வரும்போது அனுமனை முன்னே அனுப்பி, நான் வருகிறேன் என்றதும் பரதனின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து வா என்கிறான். இத்தனை காலம் ஆண்டவனுக்கு ஆசை வந்திருந்தால் அவனே ஆளட்டும் என்கிறான். இராமனுக்கே அந்தக் கேள்வி இருந்தது.

கோமகன் விஷயத்தில் வதந்தி வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது. அவருடைய அண்ணன் குவான், தம்பி சாய் இருவரும், கோமகன் சிறுவனுக்குத் தீங்கு செய்யப் போகிறார் என்று நாடெங்கும் பரப்பினார்கள். பிறகு தோற்ற ஷாங் மன்னரின் மகனோடு சேர்ந்து கலகமும் செய்தார்கள். சிறுவனான செங் மன்னரின் மனத்திலும் சந்தேகம் விழுந்துவிட்டது.

அந்தச் சந்தேகம் தீர்ந்த கதையைச் சீனாவின் பழைய ஆவணத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. வூ மன்னர் ஒருமுறை நோயில் விழுந்தபோது, முன்னோர்களிடம் கோமகன் வேண்டிக்கொண்டார். அண்ணனை விட்டுவிடுங்கள், அவருக்குப் பதில் என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது வேண்டுதல். அதை எழுதி, உலோகப் பட்டையிட்ட பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். தெரிந்தவர்களிடம் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆண்டுகள் கழித்து, அறுவடை நேரத்தில் பெரும் காற்று அடித்துப் பயிரெல்லாம் சாய்ந்தது. மரங்கள் வேரோடு விழுந்தன. பயந்துபோன செங் மன்னர் குறி கேட்பதற்காகப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சித்தப்பாவின் வேண்டுதல் இருந்தது. படித்து அழுதார். சாய்ந்த பயிர் நிமிர்ந்தது என்று கதை முடிகிறது.

பூட்டிய பெட்டியும் ஊர் பார்த்த பாதுகையும்

இந்த இடத்தில் பரதனையும் கோமகனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. இது என் சொந்தக் கருத்து, நீங்கள் மறுக்கலாம்.

கோமகனின் நல்லெண்ணத்துக்கு எழுத்தில் சான்று இருந்தது. ஆனால் பெட்டி பூட்டியிருந்தது. அடக்கத்தால்தான் பூட்டினார், சந்தேகமில்லை. ஆனால் பூட்டிய பெட்டிக்கு வெளியே வதந்தி தாராளமாக உலவியது. உண்மை வெளியே வரக் காற்றும் மழையும் வர வேண்டியிருந்தது.

பரதன் வேறு மாதிரி செய்தான். காட்டுக்குத் தனியாகப் போகவில்லை. தாய்மார், குரு, அமைச்சர், படை, ஊர் மக்கள் என எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனான். அதனால்தான் குகனுக்கும் இலக்குவனுக்கும் தப்பாகப் பட்டது என்பதும் உண்மை. ஆனால் அதே காரணத்தால், அவன் மறுத்ததையும், இராமன் பதினான்கு ஆண்டு என்று கெடு சொன்னதையும், பாதுகையைத் தலையில் ஏற்றதையும் ஊரே நேரில் பார்த்தது. அதன் பிறகு நந்திக்கிராமத்தில் அவன் ஆண்ட காலம் முழுவதும், இவன் நாட்டைக் கைப்பற்றிக்கொண்டான் என்ற பேச்சு அயோத்தியில் எழுந்ததாகக் கதையில் இல்லை. அரியணையில் பாதுகை இருந்தது. இது என் இடம் இல்லை என்பதை அவன் தினமும் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் அது சொல்லிக்கொண்டிருந்தது. வால்மீகியில் அரசுக் காரியம் ஒவ்வொன்றையும் அந்தப் பாதுகையிடம் தெரிவித்துவிட்டுத்தான் செய்கிறான்.

நம் குடியிருப்புக்கு வருகிறேன். நம் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது யாராவது ஒருவர், டேங்கர் தண்ணீரில் யாருக்குக் கமிஷன் என்று கேட்கிறார். கேட்பவர்மேல் குழுவினருக்குக் கோபம்; குழுவினர்மேல் கேட்பவருக்குச் சந்தேகம். இரு பக்கமும் நல்லவர்கள்தான். ஆனால் ரசீதுக் கோப்பு அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கிறது. அதே ரசீதை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் கேள்விக்கே வேலை இல்லை. நேர்மையாக இருந்தால் போதுமா என்றால், போதாது. பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற இடத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். பிறர் பணத்தை வைத்திருப்பவருக்கு அடக்கம் அழகுதான். அதைவிட அவசியம் திறந்த பெட்டி.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். செங் மன்னருக்குச் சந்தேகம் வந்தது தவறில்லை. பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருந்ததைப் படித்து மனம் மாறினாரே, அதுதான் அவருடைய பெருமை. நம்மில் சிலர் கணக்கைக் கேட்கிறோம்; கொடுத்தால் படிப்பதில்லை; அடுத்த மாதம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறோம். குகன்கூட முகத்தைப் பார்த்ததும் வில்லைக் கீழே வைத்தான்.

ஷிஃப்ட் மாறும்போது

நம்மில் பாதிப் பேர் சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள், பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மூன்று ஷிஃப்ட் ஓடுகிற இடத்தில் மெஷின் யாருக்கும் சொந்தமில்லை. ஏ ஷிஃப்ட்காரர் பி ஷிஃப்ட்காரரிடம் கொடுக்கிறார், அவர் சி ஷிஃப்ட்காரரிடம் கொடுக்கிறார். நல்ல ஆபரேட்டரை எப்படி அடையாளம் காண்கிறோம்? எட்டு மணி நேரத்தில் எத்தனை பீஸ் போட்டார் என்பதில் மட்டுமா? அடுத்தவர் வந்து நிற்கும்போது மெஷின் துடைத்திருக்கிறதா, எந்த டூல் தேய்ந்திருக்கிறது என்று லாக் புக்கில் எழுதியிருக்கிறதா, போகிறவர் இரண்டு நிமிடம் நின்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறாரா என்பதில்தான். எழுதாமல் போனவரின் கோளாறு அடுத்த ஷிஃப்டில் வெடிக்கும்.

பரதன் ஷிஃப்ட் மாற்றியதைப் பாருங்கள். வால்மீகியில் இராமன் திரும்பியதும் அவன் கண்ணீர் விட்டுக் கட்டிப்பிடித்ததோடு நிறுத்தவில்லை. கருவூலத்தைப் பாருங்கள், தானியக் களஞ்சியத்தைப் பாருங்கள், நகரையும் படையையும் பாருங்கள், எல்லாம் பத்து மடங்காகியிருக்கிறது என்று கணக்கு ஒப்புவித்தான். அதையும் உங்கள் பெருமையால் ஆனது என்று சொல்லிவிட்டான். அத்தனை உணர்ச்சிப் பெருக்கிலும் இருப்புக் கணக்கு சொன்னவன் பரதன். பாதுகையைக் கொண்டாடுகிற நாம் இந்தக் கணக்கை அதிகம் பேசுவதில்லை.

சௌ கோமகன் இன்னொரு படி மேலே போனார். பரதன் ஒப்படைத்தது எல்லாம் தெரிந்த இராமனிடம். கோமகன் ஒப்படைக்க வேண்டியது ஒன்றும் தெரியாத இளைஞரிடம். அதனால் கொடுப்பதற்கு முன் வாங்குகிறவரைத் தயார் செய்தார். உழுகிறவர்களின் பாடு என்ன என்பதை முதலில் தெரிந்துகொள், பிறகு சுகமாக இருப்பதைப் பற்றி யோசி என்ற பொருளில் அவர் மன்னருக்குச் சொன்னதாக அறிவுரை ஒன்று இருக்கிறது. தம் மகன் லூ நாட்டை ஆளப் போனபோது அவர் சொன்னதும் புகழ் பெற்றது. தலை குளிக்கும்போதுகூட யாராவது பார்க்க வந்தால் ஈரக் கூந்தலைக் கையில் பிடித்தபடி எழுந்து போவாராம். ஒரு குளியலில் மூன்று தடவை. சாப்பிடும்போது வந்தால் வாயிலிருப்பதைத் துப்பிவிட்டுப் போவாராம். நம் செயலாளர் வீட்டு அழைப்பு மணியை ஞாயிற்றுக்கிழமை மதியம் அடிக்கிறவர்கள் இந்தக் கதையை ஆதாரமாகக் காட்டக் கூடாது. (சிரிப்பு) ஆனால் பதவியில் இருப்பவரின் வீட்டம்மா அந்த மணியை எத்தனை தடவை கேட்டிருப்பார் என்றும் நினைத்துப் பாருங்கள்.

எங்கே அந்த மன்னர்?

எல்லாப் பெருமைக்கும் போலி உண்டு. கோமகனின் பெயரைச் சொல்லிக்கொண்டே நாட்டைப் பிடித்தவர்களும் சீனாவில் இருந்தார்கள்.

வாங் மாங் என்பவர் ஒரு குழந்தையை அரச வாரிசாக வைத்து, நான் இந்தக் காலத்துச் சௌ கோமகன் என்று சொல்லிக்கொண்டு பதிலாளாக அமர்ந்தார். கி.பி. 9-இல் தானே பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார். கி.பி. 23-இல் கலகக்காரர்கள் அவரைக் கொன்றார்கள். அந்தக் குழந்தை மன்னர் கடைசிவரை ஆளவே இல்லை.

1402-இல் மிங் மரபில் அண்ணன் மகனின் ஆட்சியைப் படையோடு வந்து கவிழ்த்தார் இன்னொரு சித்தப்பா. பின்னாளில் யோங்லே பேரரசர் என்று புகழ்பெற்றவர் அவர்தான். ஃபாங் சியாவ்ரூ என்ற அறிஞரை அழைத்து, நான் சௌ கோமகனைப் பின்பற்றித்தான் வந்தேன் என்றார். அப்படியானால் செங் மன்னர் எங்கே என்று அறிஞர் கேட்டாராம். அரண்மனைத் தீயில் போய்விட்டார் என்றார் இவர். அவருடைய மகனை அமர்த்தலாமே என்றார் அறிஞர். நாட்டுக்கு வயது வந்த மன்னர் வேண்டும் என்றார் இவர். ஆணை எழுத மறுத்த அறிஞர் உயிரை இழந்தார்.

இந்த யோங்லே நமக்குத் தூரத்து ஆள் இல்லை. அவர் அனுப்பிய கடற்படை நம் கடல்களுக்கு வந்தது. 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்ட கல்வெட்டு ஒன்று இலங்கையின் காலியில் 1911-இல் கிடைத்தது; இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் எழுதியது. சீனப் பகுதியில் புத்தருக்கும், தமிழ்ப் பகுதியில் தென்திசைக் கோயிலின் நாயனாருக்கும் தந்த காணிக்கை சொல்லப்படுகிறது. பொன் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று கணக்கெல்லாம் சுத்தமாக இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்தவர்தான். அரியணை யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் கணக்கு இல்லை.

நமக்குச் சீனா வரை போகவும் தேவையில்லை. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். கடைசியில் மண்ணால் பெரிய உருவம் செய்து துரியோதனன் படுகளம் நடத்துவார்கள். அவனும் ஒரு கெடுவுக்கு நாட்டை வைத்திருந்தவன்தான். பன்னிரண்டு ஆண்டு காடு, ஓராண்டு மறைவு, பிறகு நாட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பதின்மூன்று ஆண்டு வைத்திருந்தவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பரதன் பதினான்கு ஆண்டு வைத்திருந்தான். கெடு தாண்டிவிட்டதே, அண்ணன் வரவில்லையே என்று தீ வளர்த்துவிட்டான். அனுமன் வந்து அந்தத் தீயை அணைக்க வேண்டியிருந்தது. ஒருவன் நாள் வந்துவிட்டதே என்று கலங்கினான்; மற்றவன் நாள் கடந்தும் இன்னும் வரவில்லையே என்று கலங்கினான். இரண்டு இதிகாசத்துக்கும் இடையிலுள்ள தூரம் அதுதான்.

பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர்

பரதன் கதையைத் தமிழில் எளிமையாக வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்த ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர். 1878-இல் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அவருடைய சக்கரவர்த்தித் திருமகன் 1958-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

அவர் வகித்த ஒரு பதவியை இன்றைய பேச்சோடு சேர்த்துப் பார்க்கலாம். 1948 ஜூனில் மவுண்ட்பேட்டனுக்குப் பிறகு இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியர் அவர். வைஸ்ராய்கள் வாழ்ந்த மாளிகை. ஆனால் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளோடு முடிந்துபோகும் பதவி அது. 1950 ஜனவரி 26 அன்று நாடு குடியரசானது. ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார். கவர்னர் ஜெனரல் என்ற நாற்காலியே இல்லாமல் போனது. ராஜாஜியின் அரசியலில் உடன்படாதவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். அது வேறு பேச்சு. உரியவர் வரும்வரை ஓர் இடத்தைப் பார்த்துக்கொள்வது என்ன என்பதை அனுபவத்தில் அறிந்த ஒருவர் பரதனை எழுதினார் என்பதை மட்டும் சொல்ல விரும்பினேன்.

ஆள ஆளில்லாத அரியணை

கம்பனில் ஓர் இடம். தீயில் இறங்கத் துணிந்த பரதன், சத்துருக்கனனை அழைத்து நாட்டை நீ பார்த்துக்கொள் என்கிறான். சத்துருக்கனன் துடித்துப்போகிறான். ஒருவர் நாட்டை விட்டுக் காட்டுக்குப் போனார், அவரைத் தொடர்ந்து ஒருவர் போனார், நாள் தவறியதற்காக ஒருவர் சாகப் போகிறார், இவர்களுக்குப் பின் நான் மட்டும் உட்கார்ந்து ஆளவா என்று கேட்கிறான். நான்கு பேர் இருந்தும் உட்கார ஆளில்லாத அரியணை அது.

நம் செயலாளர் நாற்காலியும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. காரணம்தான் வேறு. அவர்கள் எனக்கு உரியது இல்லை என்று மறுத்தார்கள். நாம் எனக்கு நேரம் இல்லை, திட்டு வாங்க முடியாது என்று மறுக்கிறோம். ஆள் வராத நாற்காலியில் இருப்பவரே தொடர்கிறார். இரண்டு ஆண்டுக்கு வந்தவர் நான்கு, ஐந்து ஆண்டு இருக்கிறார். பிறகு அவர் விடமாட்டேன் என்கிறார் என்று நாமே பேசுகிறோம். வாங்கிக்கொள்ள யாரும் வராதபோது அவர் யாரிடம் ஒப்படைப்பார்? பரதனால் திருப்பிக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், இராமன் வந்தான். கோமகனால் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், செங் வளர்ந்தார்.

இங்கே இராமன் யார், செங் யார் என்று கேட்டால், நாம்தான். மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டும் ஒவ்வொரு வீடும்தான். கார்பஸ் ஃபண்ட் நம்முடையது. பதவியில் இருப்பவர்கள் பாதுகையை வைத்துக்கொண்டு ஆள்பவர்கள். மன்னர் எங்கே என்று யாராவது கேட்டால், இதோ இருக்கிறேன் என்று சொல்ல நாம் பொதுக்குழுவுக்கு வந்திருக்க வேண்டும். கோரம் இல்லாமல் அரை மணி நேரம் தள்ளிவைத்து, இருபது பேரோடு நடத்திய கூட்டங்களைப் பார்த்திருக்கிறோம். அவையில் மன்னரே இல்லையென்றால் கோமகன் யாரைப் பார்த்து வடக்கு நோக்கி நிற்பார்?

பொதுக்குழுவுக்குச் சில யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன். மாத வரவு செலவு ஒவ்வொரு டவரின் அறிவிப்புப் பலகையிலும் ரசீதோடு ஒட்டப்பட வேண்டும். ஒப்படைப்புப் பதிவேடு ஒன்று திறக்க வேண்டும். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் என்று முடிகிறது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் எந்த மோட்டார் எப்போது மாற்றியது, எந்த போர்வெல்லில் கோடையில் தண்ணீர் இறங்குகிறது, ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் யாரைக் கூப்பிடுவது, மின்வாரியத்தில் எந்த மனு நிலுவையில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இப்போது இதெல்லாம் இரண்டு மூன்று பேரின் மண்டைக்குள் இருக்கிறது. அவர்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் நாம் தவிக்கிறோம். மூன்றாவதாக, ஒவ்வொரு பதவிக்கும் ஓர் இணைப் பொறுப்பாளர் வேண்டும். ஓராண்டு கூடவே இருந்து கற்றுக்கொண்டு அடுத்த ஆண்டு அவரே ஏற்க வேண்டும். இளைஞர்களும் பெண்களும் இதற்குத்தான் முதலில் வர வேண்டும்.

இராமனின் முடிசூட்டு விழாவைக் கம்பன் பாடும்போது பரதன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? வெண்கொற்றக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பதினான்கு ஆண்டு நாட்டைத் தாங்கிய கை, அன்று குடையின் காம்பைத் தாங்குகிறது. அந்தக் கை இலேசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் செயலாளருக்கும் பொருளாளருக்கும் அந்த இலேசான நாள் அடுத்த மாதம் கிடைக்க வேண்டும். வேட்புப் படிவம் கீழே காவலர் அறையில் இருக்கிறது. போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.